தோள் கிண்ணத்தின் உடைந்த விளிம்பு

தோள் இறங்கிய நிலையில் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வருபவரை வாசலிலேயே அடையாளம் கண்டுகொள்ளலாம். அடிபட்ட கையை மறுகையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, உடலை அந்தப் பக்கமாகச் சாய்த்தபடி, ஒவ்வோர் அடியையும் பார்த்துப் பார்த்து வைத்து வருவார். தோளின் உருண்ட வடிவம் காணாமற்போய், அதன் மேல்முனை தோலுக்கடியில் மூலைபோல் துருத்திக்கொண்டிருக்கும். வலி தெரியாமலிருக்க மருந்து கொடுத்து, கையை மெல்ல இழுத்துத் திருப்பி, விலகிய எலும்பை மூட்டுக்குள் செலுத்தும்போது, ஏதோ ஒன்று தன் இடத்தில் போய் விழுவதை மருத்துவரின் கை உணரும். அந்த நொடியிலேயே நோயாளியின் முகம் தளரும். தோள் போட்டாயிற்று, இனிக் கொஞ்ச நாள் கையைக் கட்டியிருந்தால் போதும் என்று எல்லோரும் நிம்மதியடையும் அந்த இடத்தில்தான் ஒரு கேள்வி எழ வேண்டும்: வெளியே போன பந்து, அதாவது மேற்கை எலும்பின் தலை, போகும்போது தான் அமர்ந்திருந்த கிண்ணத்தின் விளிம்பை உடைத்துக்கொண்டு போயிற்றா?

இந்தக் கேள்வி கேட்கப்படாமல் போனதால், சட்டை மாட்டும்போதும் தூக்கத்தில் புரளும்போதும்கூடத் தோள் மறுபடி மறுபடி இறங்கி அவதிப்படுகிறவர்கள் உண்டு. அதே சமயம், விளிம்பு உடைந்திருப்பது தெரிந்தும் கத்தி வைக்காமலேயே முழுமையாகக் குணமடைகிறவர்களும் உண்டு. இந்த இரண்டு கூட்டத்தையும் பிரிப்பது உடைவின் பயங்கரத் தோற்றமோ, வலியின் அளவோ அன்று. உடைந்த பிறகும் பந்து கிண்ணத்தின் நடுவில் நிற்கிறதா என்பதுதான் பிரிக்கிறது. தோள் கிண்ண முறிவுக்கான சிகிச்சை முறைகள் அனைத்தும் கடைசியில் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றியே அமைந்திருக்கின்றன.

தோள் மூட்டைப் பந்தும் கிண்ணமும் சேர்ந்த மூட்டு என்று சொல்கிறோம். ஆனால் இடுப்பு மூட்டைப் போல் பந்தைப் பாதிக்கு மேல் உள்வாங்கிக்கொள்ளும் ஆழமான கிண்ணம் இங்கே இல்லை. முதுகின் மேற்புறத்தில் இருக்கும் தோள்பட்டை எலும்பின் வெளிமுனையில் உள்ள இந்தக் குழி, ஏறக்குறைய 35 மில்லிமீட்டர் உயரமும் 25 மில்லிமீட்டர் அகலமும் கொண்டது. மேலே குறுகி, கீழே அகன்று, பேரிக்காயின் வடிவில் இருக்கும். ஆழம் மிகக் குறைவு. மேற்கை எலும்பின் தலையாகிய பந்து இதைவிட மிகவும் பெரியது என்பதால், எந்த நேரத்திலும் பந்தின் பரப்பில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை மட்டுமே கிண்ணத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். தட்டையான கரண்டியில் பந்தை நிறுத்திக்கொண்டு நடப்பது போன்ற ஏற்பாடு இது. கையைத் தலைக்கு மேலும் முதுகுக்குப் பின்னும் கொண்டுபோக முடிகிற சுதந்திரம் இந்த ஆழமின்மையிலிருந்துதான் கிடைக்கிறது. அந்தச் சுதந்திரத்துக்கு உடல் கொடுக்கும் விலை, எளிதில் கழன்றுவிடும் தன்மை.

அப்படியானால் பந்து ஏன் எப்போதும் விழுந்துகொண்டே இருப்பதில்லை? கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றி லேப்ரம் என்ற நார்க்குருத்து வளையம் ஒன்று ஒட்டியிருக்கிறது. பேச்சு வழக்கில் ஜவ்வு என்று சொல்லப்படுவதில் இதுவும் அடங்கும். கிண்ணத்தின் மொத்த ஆழத்தில் ஏறத்தாழப் பாதியை இந்த வளையம் தருகிறது. அதற்கு வெளியே மூட்டு உறையும் தசைநார்களும் உள்ளன. இவற்றைச் சுற்றி ரொட்டேட்டர் கஃப் என்ற நான்கு தசைகளின் தசைநாண்கள் பந்தை எல்லாப் பக்கமிருந்தும் கிண்ணத்தை நோக்கி அழுத்திக்கொண்டிருக்கின்றன. தசைகள் அழுத்தும்போது பந்து குழியில் நன்றாகப் பதிகிறது. ஆனால் இந்த அழுத்தத்துக்குப் பயன் இருக்க வேண்டுமானால், பந்து சாயும் பக்கத்தில் அதைத் தடுத்து நிறுத்த ஒரு கரை இருக்க வேண்டும். அந்தக் கரைதான் கிண்ணத்தின் விளிம்பு. கரை உடைந்துபோன பக்கத்தில், தசை எவ்வளவு வலுவாக இருந்தாலும் பந்து வழுக்கிச் செல்லும்.

கிண்ணம் உடைவதில் இரண்டு வகை உண்டு. இரண்டும் பெயரளவில் ஒரே முறிவாக இருந்தாலும் வெவ்வேறு கதைகள். ஒன்று விளிம்பு முறிவு, மற்றது குழியின் ஊடாகப் போகும் முறிவு.

விளிம்பு முறிவு பெரும்பாலும் தோள் விலகலின்போது நேர்வது. நூறு தோள் விலகல்களில் 95க்கும் மேற்பட்டவை முன்பக்கமாக நிகழ்கின்றன. கை மேலே தூக்கியபடி வெளிப்புறம் திரும்பியிருக்கும் நேரத்தில் விழுந்தாலோ, யாராவது பின்னோக்கி இழுத்தாலோ, பந்து முன்பக்கக் கீழ்விளிம்பின் மேல் ஏறி வெளியே போகிறது. அப்படிப் போகையில் சிலருக்கு லேப்ரம் மட்டும் பிய்ந்துகொள்கிறது. சிலருக்கு லேப்ரமும் அதனுடன் ஒட்டியிருக்கும் எலும்புத் துண்டும் சேர்ந்தே உடைந்து விலகுகின்றன. லண்டனைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ப்ளண்டெல் பேங்கார்ட், தோள் திரும்பத் திரும்ப இறங்குவதற்கு இந்தப் பிய்தலே அடிப்படைக் காரணம் என்று 1923இல் எழுதினார். அதனால் எலும்புத் துண்டுடன் கூடிய இந்தக் காயத்துக்கு எலும்புப் பேங்கார்ட் காயம் என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. வெளியே போன பந்தும் சேதமில்லாமல் தப்புவதில்லை. கிண்ணத்தின் கூரிய விளிம்பு பந்தின் பின்புறத்தில் அழுந்தி ஒரு பள்ளத்தை உண்டாக்கும். 1940இல் ஹில், சாக்ஸ் என்ற இரு கதிரியல் மருத்துவர்கள் விளக்கிய இந்தப் பள்ளம் அவர்களின் பெயரையே தாங்கியிருக்கிறது. பந்தில் பள்ளமும் கிண்ணத்தில் விளிம்புக் குறையும் ஒரே தோளில் சேர்ந்துவிட்டால், கையை ஒரு குறிப்பிட்ட கோணத்துக்குத் திருப்பியதும் பள்ளம் விளிம்பைத் தாண்டி விழுந்து தோள் மறுபடி கழலும். எனவே ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதைப் பார்க்காமல் விடுவது பாதிக் கணக்குப் போடுவதற்குச் சமம்.

குழியின் ஊடாகப் போகும் முறிவின் கதை வேறு. தோள்பட்டை எலும்பு தடித்த தசைகளுக்கு நடுவில், விலா எலும்புகளின் மேல் மிதந்துகொண்டிருக்கும் எலும்பு. அடி விழுந்தால் விலகிக் கொடுத்துத் தப்பித்துக்கொள்ளும். உடலில் நேரும் எல்லா எலும்பு முறிவுகளிலும் தோள்பட்டை எலும்பு முறிவு நூறில் ஒன்றுக்கு மேல் இராது. கிண்ணத்தைப் பாதிப்பது அதிலும் ஒரு பகுதியே. அப்படிப்பட்ட எலும்பு குழி வரை பிளந்திருக்கிறது என்றால், வாகன மோதல், உயரத்திலிருந்து விழுதல் போன்ற கடும் விசை உடலின்மேல் இறங்கியிருக்கிறது என்று பொருள். ஆகவே இத்தகைய காயத்துடன் வருபவரிடம் முதலில் பார்க்க வேண்டியது தோளை அன்று, மூச்சை. விலா எலும்பு முறிவு, நுரையீரல் கன்றிப்போதல், நெஞ்சறைக்குள் காற்றோ இரத்தமோ தேங்குதல், தலைக்காயம், கழுத்திலிருந்து கைக்கு வரும் நரம்புப் பின்னல் இழுபட்டு அறுதல் ஆகியவை இந்த முறிவுடன் கைகோத்து வருபவை. உயிருக்கு ஆபத்தானவை எல்லாம் சீராகிய பிறகு, சில நாட்கள் கழித்துக் கிண்ணத்தைச் சரிசெய்துகொள்ளலாம். அந்தத் தாமதத்தைக் குடும்பத்தினர் கவனக்குறைவாக எண்ணிப் பதற வேண்டியதில்லை.

இந்த முறிவுகளை வகைப்படுத்த, சுவீடனைச் சேர்ந்த இடெபெர்க் 1984இல் தந்த ஐந்து வகைப் பிரிவும், அதை விரித்து அமெரிக்க மருத்துவர் காஸ் உருவாக்கிய ஆறு வகைப் பிரிவும் பரவலாகப் பயன்படுகின்றன. முன்விளிம்போ பின்விளிம்போ உடைவது, முறிவுக் கோடு கீழ்நோக்கிப் போவது, மேல்நோக்கிப் போவது, எலும்பைக் குறுக்கே முழுவதுமாகக் கடப்பது, இவை கலந்து வருவது, கடைசியாகக் குழியே நொறுங்கிப்போவது என்று அந்த வரிசை அமைகிறது. எந்தப் பக்கமிருந்து அறுவை செய்வது என்று திட்டமிட இந்தப் பெயர்கள் உதவும். ஆனால் அறுவை வேண்டுமா வேண்டாமா என்பதற்கு வகை எண் பதில் தராது. மருத்துவ அறிக்கையில் எழுதியிருக்கும் வகை எண்ணைப் பார்த்து, எண் பெரிதாக இருப்பதால் நிலைமை மோசம் என்று முடிவுகட்டிக்கொள்வது தவறு.

உடைவு எப்படித் தவறிப்போகிறது? நெஞ்சுக்கு நேராக எடுக்கும் சாதாரண எக்ஸ்ரேயில் தோள் கிண்ணம் நேராகத் தெரிவதில்லை. தோள்பட்டை எலும்பு நெஞ்சுக்கூட்டின் வளைவில் படிந்து முன்னோக்கிச் சாய்ந்திருப்பதால், அந்தப் படத்தில் பந்தும் கிண்ணமும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு தெரியும். உடலைச் சற்றுத் திருப்பி நிறுத்தி எடுத்தால்தான் இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி தெளிவாகும். அக்குள் வழியாக எடுக்கும் படத்தில் பந்து முன்னே நிற்கிறதா, பின்னே நிற்கிறதா என்பது தெரிந்துவிடும். வலியால் கையைத் தூக்க முடியவில்லை என்று இந்தப் படத்தைத் தவிர்ப்பது அடிக்கடி நடக்கிறது, தவிர்க்கக் கூடாதது அதுதான். தோளைப் போடுவதற்கு முன் ஒரு படமும், போட்ட பின் ஒரு படமும் எடுப்பது வழக்கம். இரண்டாவது படத்தைப் பார்க்கையில், பந்து உள்ளே வந்துவிட்டதா என்பதோடு பார்வை நின்றுவிடக் கூடாது. கிண்ணத்தின் முன்விளிம்பை வரையும் மெல்லிய வெண்கோடு அறுபடாமல் ஓடுகிறதா என்றும் தேட வேண்டும். அந்தக் கோடு எங்காவது காணாமற்போயிருந்தால் அங்கே எலும்பு போயிருக்கிறது.

சந்தேகம் எழுந்துவிட்டால் சி.டி. ஸ்கேன்தான் வழி. அதன் முப்பரிமாணப் படத்தில் கணினியின் உதவியால் பந்தை மட்டும் அழித்துவிட்டு, கிண்ணத்தை நேருக்கு நேராகப் பார்க்க முடிகிறது. இந்தப் படத்தை ஒருமுறை பார்த்தவர்களுக்கு விளக்கமே தேவையிராது. பேரிக்காயின் அகன்ற கீழ்ப்பகுதி கிட்டத்தட்ட முழு வட்டமாக இருக்கும் என்பதால், மருத்துவர் அதன்மேல் ஒரு வட்டத்தை வரைவார். நல்ல கிண்ணத்தில் வட்டம் எலும்பின் ஓரத்தோடு சரியாகப் படியும். உடைந்த கிண்ணத்தில் முன்பக்கத்தில் வட்டத்துக்கும் எலும்புக்கும் நடுவே வெற்றிடம் தெரியும். வட்டத்தின் விட்டம் 24 மில்லிமீட்டர், வெற்றிடத்தின் அகலம் 6 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், கிண்ணத்தின் அகலத்தில் கால் பங்கு போய்விட்டது. கையளவு தோளில் 6 மில்லிமீட்டர் என்பது அற்பமாகத் தோன்றும். அந்தக் கிண்ணத்துக்கு அது நான்கில் ஒன்று. லேப்ரமும் தசைநாண்களும் கிழிந்திருக்கின்றனவா என்று அறிய எம்.ஆர்.ஐ. தேவைப்படும். எலும்பின் அளவைத் துல்லியமாகச் சொல்வதற்கு இன்றும் சி.டி.யே முன்னிற்கிறது.

படங்களுக்கு நடுவில் ஒரு சிறிய பரிசோதனையை மறந்துவிடக் கூடாது. பந்துக்குக் கீழே வளைந்து செல்லும் அக்குள் நரம்பு, தோள் விலகும்போது இழுபடக்கூடியது. மேற்கையின் வெளிப்புறத்தில், சீருடையில் பட்டை தைக்கும் இடத்தில், தோலைத் தொட்டால் உணர்வு இருக்கிறதா என்று தோளைப் போடுவதற்கு முன்பும் பின்பும் பார்க்க வேண்டும். ஒரு நிமிடம்கூட ஆகாத சோதனை இது. இழுபட்ட நரம்பு பெரும்பாலானவர்களுக்குச் சில மாதங்களில் தானாகவே மீண்டுவிடும். ஆனால் முன்பே பதிவு செய்யாவிட்டால், குறைபாடு விபத்தால் வந்ததா, சிகிச்சையால் வந்ததா என்று பின்னால் யாராலும் சொல்ல முடியாது.

இனி, அறுவை வேண்டுமா என்ற கேள்விக்கு வருவோம். உடைந்த துண்டு விலகாமல், அல்லது ஓரிரு மில்லிமீட்டர் மட்டுமே விலகி இருந்து, பந்து நடுவில் நின்றால் அறுவை தேவையில்லை. இதில் கருத்து வேறுபாடு அதிகம் இல்லை. குழியின் பரப்பில் 4 அல்லது 5 மில்லிமீட்டருக்கு மேல் படிக்கட்டுப்போல் ஏற்றத்தாழ்வு உண்டாகியிருந்தாலும், முன்பக்கத்தில் கிண்ணத்தின் கால் பங்கோ பின்பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கோ உடைந்து விலகியிருந்தாலும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பந்து நடுவிலிருந்து நழுவி உடைந்த பக்கமாகச் சாய்ந்து நின்றாலும், அறுவை சிகிச்சையைப் பரிந்துரைப்பார்கள். இந்த எண்கள் வழிகாட்டிகள். கல்லில் பொறித்த எல்லைகள் அல்ல. முன்விளிம்பில் பெரிய துண்டே உடைந்து சில மில்லிமீட்டர் விலகியிருந்தபோதும், பந்து சரியாக நடுவில் நின்ற நோயாளிகளுக்கு அறுவை இல்லாமல் சிகிச்சை அளித்து, பல ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது தோள் மறுபடி இறங்காமல் நன்றாக இயங்கியதை மருத்துவ ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. துண்டு சற்றுத் தள்ளி ஒட்டினாலும் அது கரையாக நின்றுவிடுகிறது என்பதே இதற்கு விளக்கம். ஆகவே எலும்பு விலகியிருக்கிறது என்ற சொல்லைக் கேட்டதும் உடனே ஆபரேஷன் என்று அவசரப்படுவதையும், தோள் உள்ளே போய்விட்டதே என்று அலட்சியமாக இருப்பதையும் ஒரே அளவு தவறாகத்தான் நான் பார்க்கிறேன்.

முடிவில் நோயாளியின் வாழ்க்கைக்கும் பங்கு உண்டு. கையைத் தலைக்கு மேல் வீசி எறியும் விளையாட்டு வீரரான இருபது வயது இளைஞருக்கும், மேசையில் அமர்ந்து வேலை செய்யும் அறுபது வயதுக்காரருக்கும் ஒரே அளவு உடைவு ஒரே பொருளைத் தராது. முதல் முறை தோள் இறங்கியபோது வயது எவ்வளவு குறைவாக இருந்ததோ, மறுபடி இறங்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம் என்பது உறுதியாக அறியப்பட்ட உண்மை.

அறுவை இல்லாத சிகிச்சை என்றால் சும்மா இருப்பது என்று அர்த்தமில்லை. இரண்டு மூன்று வாரங்களுக்குக் கை, கழுத்திலிருந்து தொங்கும் துணித் தொட்டிலான ஸ்லிங்கில் ஓய்வெடுக்கும். அந்த நாட்களிலேயே விரல்கள், மணிக்கட்டு, முழங்கை ஆகியவற்றை அசைத்துக்கொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடிபடாத மூட்டுகளும் இறுகிவிடும். வலி தணிந்ததும் ஊசல் பயிற்சி தொடங்கும். நல்ல கையை மேசையில் ஊன்றி, இடுப்பை வளைத்துக் குனிந்து, அடிபட்ட கையைக் கிணற்றில் தொங்கும் கயிறுபோல் தளர விட்டு, உடலை ஆட்டுவதால் அந்தக் கை தானாகச் சிறு வட்டங்களில் சுழலும்படி செய்வது இது. கையைத் தசையால் தூக்கிச் சுழற்றுவது ஊசல் பயிற்சி ஆகாது; பலர் செய்யும் பிழை அதுவே. முதல் சில வாரங்களில் எக்ஸ்ரேயைத் திரும்ப எடுத்து, பந்து இன்னும் நடுவில்தான் நிற்கிறதா என்று உறுதிசெய்ய வேண்டும். நடுவில் நின்ற பந்து இரண்டாவது வாரத்தில் நழுவத் தொடங்கியிருந்தால் முடிவை மாற்றிக்கொள்ள அப்போது காலம் இருக்கும்; மூன்று மாதம் கழித்துக் கண்டுபிடித்தால் இராது. ஆறு வாரமளவில் கையைச் சொந்த வலுவால் தூக்கவும், மூன்று மாதமளவில் எடைதாங்கும் பயிற்சிகளைச் செய்யவும் அனுமதி கிடைக்கும்.

அறுவை சிகிச்சை என்று முடிவானால், எங்கே உடைந்திருக்கிறதோ அந்தப் பக்கமிருந்துதான் அணுக வேண்டும். முன்விளிம்புக்குத் தோளின் முன்புறத்தில், தோளை மூடியிருக்கும் டெல்டாய்டு தசைக்கும் மார்புத் தசைக்கும் நடுவிலுள்ள இயற்கையான பிளவு வழியே செல்வார்கள். துண்டு பெரிதாக இருந்தால் ஓரிரு சிறிய ஸ்க்ரூக்கள். நொறுங்கியிருந்தால் விளிம்பைத் தாங்கும் சிறு பிளேட். ஸ்க்ரூ தாங்காத அளவுக்குச் சிறியதாக இருந்தால் எலும்பில் பதிக்கும் ஆங்கர்கள் என்ற சிறு பிடிப்பான்களிலிருந்து வரும் நூல்களால் துண்டையும் லேப்ரத்தையும் சேர்த்துக் கட்டுவார்கள். இந்தக் கடைசி வேலையைப் பல மருத்துவர்கள் ஆர்த்ரோஸ்கோபி முறையில், சிறு துளைகளின் வழியாகவே முடித்துவிடுகிறார்கள். குழியின் பின்புறமும் கீழ்ப்புறமும் பிளந்திருந்தால் முதுகுப் பக்கமாகச் செல்ல வேண்டியிருக்கும். பிரெஞ்சு மருத்துவர் ராபர்ட் ஜூடே 1964இல் விளக்கிய வழி இதற்கு அடிப்படையாக இருந்தது. தசைகளை முழுவதும் கழற்றாமல், இரண்டு தசைகளுக்கு நடுவே புகுந்து வேலையை முடிக்கும் மாற்றப்பட்ட வடிவமே இன்று அதிகம் கையாளப்படுகிறது. தோள்பட்டை எலும்பின் பின்புற இடுக்கு வழியாக ஓடும் சூப்ராஸ்கேப்புலர் நரம்பும், சற்றுக் கீழே செல்லும் அக்குள் நரம்பும் இந்த வழியில் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவை. அனுபவம் வாய்ந்த கை இங்கே உண்மையாகவே தேவைப்படுகிறது.

எந்த வழியில் சென்றாலும் ஸ்க்ரூ மூட்டுப் பரப்புக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது. குழியின் எலும்பு அதிக ஆழமில்லாதது. கோணம் கொஞ்சம் தவறினால் ஸ்க்ரூவின் முனை குருத்தெலும்பை மீறி வெளிவரும். கை அசையும்போதெல்லாம் அது பந்தை உரசித் தேய்க்கும். அறுவைக்குப் பின் தோளில் நெறுநெறுவென்ற சத்தமோ, குறையாத வலியோ இருந்தால், அது வழக்கமானதுதான் என்று விட்டுவிடாமல் மறுபடி படம் எடுத்துப் பார்க்க வேண்டிய காரணம் இது.

காலம் இதில் பெரிய பங்கு வகிக்கிறது. முதல் இரண்டு மூன்று வாரங்களுக்குள் துண்டைத் தேடிப்பிடித்து அதன் இடத்தில் பொருத்துவது எளிது. நாளாக ஆக, அது தவறான இடத்தில் ஒட்டிக்கொள்ளும். அத்துடன், பந்தின் அழுத்தத்தை ஏற்காமல் ஓரமாகக் கிடக்கும் எலும்பை உடல் மெல்லக் கரைத்துவிடும். முதல் ஓராண்டுக்குள்ளேயே துண்டின் பெரும்பகுதி கரைந்துபோவதுண்டு. முதல் விபத்தின் ஸ்கேனில் நல்ல அளவில் தெரிந்த துண்டு, இரண்டு வருடம் கழித்து எடுத்த ஸ்கேனில் மெல்லிய ஓடாக எஞ்சியிருப்பதைப் பார்க்கும்போது, தவறவிட்ட காலம் கண்ணுக்கு எதிரே நிற்கும்.

அப்படி விளிம்பு தேய்ந்துபோன தோளில் லேப்ரத்தை மட்டும் தைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2000இல் ஒரு தெளிவான பதில் வந்தது. பர்க்ஹார்ட், டி பியர் என்ற இரு மருத்துவர்கள், ஆர்த்ரோஸ்கோபி மூலம் லேப்ரம் தைக்கப்பட்ட 194 தோள்களை ஆராய்ந்தார்கள். குறிப்பிடத்தக்க எலும்புக் குறைவு இல்லாதவர்களில் 4 சதவீதத்தினருக்கே தோள் மறுபடி நிலையிழந்தது. எலும்புக் குறைவு இருந்தவர்களில் அது 67 சதவீதம். கீழ்ப்பகுதி தேய்ந்து மேற்பகுதி அகலமாகத் தெரியும் அந்தக் கிண்ணத்தைத் தலைகீழான பேரிக்காய் என்று அவர்கள் வருணித்தார்கள். தையல் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் இல்லாத கரையை அது உண்டாக்கித் தராது என்பதை இதைவிட அழுத்தமாகச் சொல்ல முடியாது. அன்றிலிருந்து 20 முதல் 25 சதவீதம் வரையிலான எலும்பு இழப்பு அபாய எல்லையாகக் கருதப்பட்டு வருகிறது. பின்னர் வந்த ஆய்வுகள் 13.5 சதவீத அளவிலேயே தோளின் செயல்திறன் குறையத் தொடங்குவதைக் காட்டியதால், அந்த எல்லை மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது.

இல்லாத கரையைக் கட்ட எலும்பு வேண்டும். அதற்கு அடிக்கடி கையாளப்படும் முறை, பிரெஞ்சு மருத்துவர் லடார்ஜே 1954இல் விளக்கியது. தோள்பட்டை எலும்பின் முன்பக்கத்தில் காக்கையின் அலகைப் போல் வளைந்து நீண்டிருக்கும் பகுதிக்குக் கோரக்காய்டு என்று பெயர். அந்தக் கிரேக்கச் சொல்லே காக்கையைக் குறிப்பதிலிருந்து வந்ததுதான். இந்த அலகை அதில் ஒட்டியிருக்கும் தசைநாண்களோடு வெட்டி எடுத்து, கிண்ணத்தின் தேய்ந்த முன்விளிம்பில் வைத்து இரண்டு ஸ்க்ரூக்களால் இறுக்குவார்கள். கரை அகலமாகிறது. இந்த முறையின் அழகு அத்துடன் முடிவதில்லை. எலும்போடு வந்த தசைநாண், கையைத் தூக்கி வெளியே திருப்பும் சமயத்தில் பந்தின் முன்கீழ்ப்புறத்தில் ஒரு பட்டைபோல் விறைத்து நின்று, எந்த நிலையில் தோள் கழலுமோ சரியாக அந்த நிலையில் அதைத் தாங்கிப் பிடிக்கிறது. எலும்பு இழப்பு இன்னும் பெரிதாக இருந்தாலோ, லடார்ஜே முறை ஏற்கெனவே தோல்வியடைந்திருந்தாலோ, இடுப்பெலும்பின் விளிம்பிலிருந்து துண்டு எடுத்துப் பொருத்துவார்கள்.

பின்விளிம்பு முறிவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வலிப்பு வந்தவருக்கும் மின்சாரம் தாக்கியவருக்கும், உடலின் வலுவான தசைகள் ஒரே நேரத்தில் சுருங்குவதால் பந்து பின்பக்கமாகத் தள்ளப்படலாம். கிண்ணத்தின் பின்விளிம்பு அப்போது உடையக்கூடும். இவர்களில் பலருக்குத் தாங்கள் விழுந்ததே நினைவிருக்காது. தோளின் உருவம் பெரிதாக மாறியிருக்காது; நேரே எடுத்த எக்ஸ்ரே ஏறக்குறையச் சரியாகவே தோன்றும். கை வயிற்றோடு ஒட்டியபடி உள்நோக்கித் திரும்பி, வெளிப்பக்கம் கொஞ்சமும் திரும்ப மறுத்தால், அந்த ஒன்றே எச்சரிக்கை. வலிப்புக்குப் பிறகு ஒருவர் உள்ளங்கையை மேல்நோக்கி விரித்துக் காட்ட முடியாமல் திணறினால், அக்குள் வழிப் படமோ சி.டி.யோ எடுக்காமல் அவரை வீட்டுக்கு அனுப்பக் கூடாது. இங்கே எலும்பைச் சரிசெய்வதோடு, வலிப்பைக் கட்டுப்படுத்துவதும் தோள் சிகிச்சையின் பகுதியே. மறுபடி ஒரு வலிப்பு வந்தால் எந்த ஸ்க்ரூவும் தாங்காது.

முதியவர்களிடம் கணக்கு மாறுகிறது. எலும்பு மென்மையாக இருப்பதால் ஸ்க்ரூ பிடிப்பதில்லை. நாற்பது வயதைக் கடந்தவர்களுக்குத் தோள் விலகும்போது ரொட்டேட்டர் கஃப் தசைநாண்களும் சேர்ந்து கிழிவது அதிகம். எக்ஸ்ரேயில் சிறு விளிம்புத் துண்டைக் கண்டு அதிலேயே கவனம் போய், கையைத் தூக்க முடியாமைக்கு உண்மையான காரணமான கிழிசல் மறைந்துபோகலாம். கிண்ணமும் தசைநாண்களும் இரண்டுமே மீட்க முடியாத நிலையில் இருந்தால், பந்து இருந்த இடத்தில் கிண்ணமும் கிண்ணம் இருந்த இடத்தில் பந்தும் வரும்படி அமைக்கும் தலைகீழ்த் தோள் மாற்று அறுவை சிகிச்சை ஒரு வழியாகிறது.

எந்தச் சிகிச்சை எடுத்தாலும் பின்தொடரும் எதிரி இறுக்கம். கட்டை மிக விரைவில் அவிழ்த்தால் துண்டு நகரும். மிகத் தாமதமாக அவிழ்த்தால் மூட்டு உறை சுருங்கித் தோள் உறைந்துபோகும். பிசியோதெரபி நிபுணர் ஒவ்வொரு வாரமும் எந்தக் கோணம் வரை கையைத் திருப்பலாம் என்று அளந்து சொல்வது இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள ஒடுக்கமான பாதையில் நடத்திச் செல்லத்தான். முன்விளிம்பு சரிசெய்யப்பட்டவருக்குக் கையை வெளிப்புறம் திருப்புவதுதான் கடைசியாகத் திறக்கும் கதவு. குழியின் பரப்பு சமமாக ஒட்டாதவர்களுக்குப் பிற்காலத்தில் குருத்தெலும்பு தேய்ந்து மூட்டு வாதம் வரும் வாய்ப்பு உண்டு. விபத்தின் விசையே குருத்தெலும்பை நசுக்கியிருந்தால், சமமாகப் பொருத்தினாலும் அது வரலாம்.

விளையாட்டுக்கோ கடும் உடலுழைப்புக்கோ திரும்ப நான்கு முதல் ஆறு மாதங்கள் ஆகும். நாட்காட்டியை மட்டும் பார்த்து அனுமதி தருவதில்லை. எலும்பு ஒட்டியிருப்பதைப் படம் காட்ட வேண்டும்; இரண்டு கைகளின் வலுவும் ஏறக்குறையச் சமமாக வந்திருக்க வேண்டும். பிறகு ஓர் எளிய சோதனை எஞ்சியிருக்கிறது. நோயாளியைப் படுக்க வைத்து, கையைப் பக்கவாட்டில் தோள் மட்டத்துக்குத் தூக்கி, முழங்கையை மடக்கி, எறியப் போகிறவரின் நிலைக்கு மெல்லப் பின்னோக்கித் திருப்புவார்கள். தோள் முதன்முதலில் இறங்கியது இந்த நிலையில்தான். திருப்பும்போது மருத்துவர் தோளைப் பார்ப்பதில்லை, நோயாளியின் முகத்தைப் பார்ப்பார். கரை இன்னும் உறுதியாகவில்லை என்றால், வலி தொடங்குவதற்கு முன்பே புருவம் நெரியும், மறுகை தானாக எழுந்து வந்து தடுக்கும். அந்தக் கை படுக்கையிலேயே அமைதியாகக் கிடந்தால், அவர் களத்துக்குத் திரும்பலாம்.